வீட்டு ஓனர் அனுப்பிய வரி பில்

கேள்வி: "கோடம்பாக்கத்தில் 850 சதுர அடி வீட்டில் ஒன்றரை வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 19,000 ரூபாய், அட்வான்ஸ் 1 லட்சம். 11 மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டோம். அது முடிந்து 7 மாதம் ஆகிறது, புதுப்பிக்கவில்லை. போன வாரம் ஓனர் மாநகராட்சி சொத்து வரி பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 3 வருஷ பாக்கி, வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 21,000 ரூபாய். 'குடியிருக்கறவங்கதான் கட்டணும், அக்ரிமென்ட்லயே இருக்கு, கட்டலைன்னா அட்வான்ஸ்ல கழிச்சுக்குவேன்' என்கிறார். அக்ரிமென்டில் 'மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் மற்றும் இதர வரிகளை வாடகைதாரர் செலுத்த வேண்டும்' என்று இருப்பது உண்மைதான். அவர் மகன் லண்டனில் இருக்கிறாராம், அங்கே வாடகைக்கு இருப்பவர்தான் வரி கட்டுகிறாராம். நான் சாயங்காலம் ஐந்தாறு பிள்ளைகளுக்கு இந்தி டியூஷன் எடுப்பதால்தான் வரி ஏறிவிட்டது என்றும் சொல்கிறார். பையனின் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருப்பதால் வீட்டை மாற்ற மனமில்லை. நான் கட்டத்தான் வேண்டுமா?"
— வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரி,

அந்த 21,000 ரூபாயை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் இதை ஓனரிடம் சொல்லும் விதத்தில் நிதானம் வேண்டும். வரி விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிற அளவுக்கு, அந்த வீட்டில் தொடர்ந்து இருக்கிற விஷயத்தில் இல்லை. 7 மாதமாகக் காலாவதியாகிக் கிடக்கும் அக்ரிமென்டைத்தான் சொல்கிறேன். முதலில் வரியைப் பார்த்துவிடுவோம்.

சொத்து வரி என்பது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துப் போடுவது இல்லை. கட்டடத்தின் பரப்பளவு, தெருவுக்கு நிர்ணயித்த அடிப்படை மதிப்பு, கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்பதையெல்லாம் வைத்து ஓர் ஆண்டு மதிப்பைக் கணக்கிட்டு, அதன் மேல் உரிமையாளர் பெயரில் விதிப்பது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று அரையாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் அந்தப் பாக்கி சொத்தின் மேலேயே பாரமாக உட்கார்ந்துவிடும். வீட்டை விற்றால் வாங்குபவர் அதைத் தீர்த்தாக வேண்டும். மாநகராட்சியின் பதிவேட்டில் உங்கள் பெயரே கிடையாது. உங்களுக்கும் ஓனருக்கும் இடையில் என்ன எழுதிக்கொண்டீர்கள் என்பது மாநகராட்சிக்கு ஒரு பொருட்டும் இல்லை.

அப்படியானால் "குடியிருக்கறவங்கதான் கட்டணும்" என்பதை அவர் எங்கே பிடித்தார்? அந்தப் பேச்சு அடியோடு வெறுங்காற்றில் பிறந்ததும் இல்லை. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், நியாய வாடகை நிர்ணயித்த பிறகு உள்ளாட்சி வரி கூடினால், கூடிய பகுதியை மட்டும் வாடகை உயர்வாகக் கேட்க உரிமையாளருக்கு வழி இருந்தது. அதுவும், வாடகையை ஏற்றியதால் வரி ஏறியிருந்தால் கேட்க முடியாது. முழு வரியையும் குடித்தனக்காரர் தலையில் கட்ட அந்தச் சட்டமும் சொல்லவில்லை. இப்போது அதுவும் இல்லை. 2017-இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்து, பழையதை நீக்கிவிட்டது. புதிய சட்டத்தில் வாடகை என்பது இரு தரப்பும் ஒப்பந்தத்தில் ஒத்துக்கொண்ட தொகை. உயர்வும் ஒப்பந்தப்படியே. வரி கூடிவிட்டது என்று தனியாக ஒரு தொகையைப் பிற்பாடு நீட்டுவதற்கு இடமில்லை.

லண்டன் மகன் சொன்னது உண்மைதான். பிரிட்டனில் கவுன்சில் டாக்ஸ் பெரும்பாலும் குடியிருப்பவர் பொறுப்பு. பல பேர் அறை அறையாகப் பகிர்ந்து வாடகைக்கு இருக்கும் வீடுகளில் மட்டும் உரிமையாளர் கட்ட வேண்டிவரும். ஆனால் பக்கத்து நாடான அயர்லாந்தில் 2013-இல் கொண்டுவந்த உள்ளூர் சொத்து வரியை வாடகை வீட்டுக்கும் உரிமையாளர்தான் கட்டுகிறார். மகன் டப்ளினில் இருந்திருந்தால் உங்கள் ஓனர் வேறு மாதிரி பேசியிருப்பார். கோடம்பாக்கத்து வீட்டுக்கு இரண்டுமே பொருந்தாது.

இனி அக்ரிமென்டில் இருக்கும் அந்த வாசகம். உங்கள் வழக்கில் வாதிடத் தகுந்த ஒரே இடம் இதுதான். இருவரும் சம்மதித்து, சொத்து வரியை வாடகைதாரர் கட்டுவார் என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும். மாநகராட்சியைப் பொறுத்தவரை உரிமையாளரே பொறுப்பு என்றாலும், கட்டிய பணத்தை உங்களிடம் கேட்டு வாங்க அவருக்கு உரிமை வந்துவிடும். கடை, கோடவுன் வாடகைகளில் இப்படி எழுதுவது சகஜம். வீட்டு வாடகையில் அபூர்வம்.

உங்கள் அக்ரிமென்டில் அந்தத் தெளிவு இல்லை. "மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் மற்றும் இதர வரிகள்" என்று எழுதியிருக்கிறது. முதல் இரண்டும் குடியிருப்பவர் பயன்படுத்தும் அளவுக்கு வருகிற செலவுகள். குறிப்பிட்ட சிலவற்றைச் சொல்லிவிட்டு "மற்றும் இதர" என்று முடித்தால், அந்த "இதர" என்பது முன்னால் சொன்னவற்றின் இனத்தைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கையாளும் விளக்க முறை. சில ஊர்களில் சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் குப்பைக் கட்டணம் அந்த இனத்தில் வரும் என்று ஒருவர் வாதிடலாம், நானும் ஒத்துக்கொள்வேன். கட்டடத்தின் மேல், உரிமையாளர் பெயரில் வருகிற சொத்து வரியை அந்த "இதர"வுக்குள் திணிப்பது கஷ்டம். இன்னொன்று, வாசகம் இரண்டு பொருள் தரும்படி இருந்தால், அதை எழுதிக் கொடுத்தவருக்கு எதிராகவே பொருள் கொள்வார்கள். உங்கள் அக்ரிமென்ட் ஓனர் தரப்பில் டைப் அடித்து வந்ததாகத்தான் இருக்கும். அநேகமாக எல்லாமே அப்படித்தான். ஜெராக்ஸ் கடையில் இருக்கும் ஒரே மாதிரியில் பெயரையும் தொகையையும் மாற்றிக் கொடுப்பார்கள்.

தண்ணீர் என்ற சொல்லும் குழப்பும். சென்னைக் குடிநீர் வாரியம் இரண்டு விதமாகப் பணம் வாங்குகிறது. ஆண்டு மதிப்பில் 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி. அது சொத்து வரியின் கூடப்பிறந்தது, ஓனருடையது. தண்ணீர்ச் செலவுக்கான கட்டணம் வேறு, அது உங்கள் அக்ரிமென்ட்படி உங்களுடையது. அந்த பில்லையும் சேர்த்து அனுப்பியிருந்தால் இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்.

ஒரு பேச்சுக்கு, அந்த வாசகம் சொத்து வரியையும் குறிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 21,000 வராது. நீங்கள் அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். பில் 3 வருஷத்துக்கு. உங்களுக்கு முன் குடியிருந்தவர் காலத்துப் பாக்கியை உங்களிடம் கேட்க எந்த அக்ரிமென்டும் உதவாது. வட்டியும் அப்படியே. தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் தனிவட்டி போடுகிறார்கள். ஒன்றரை வருஷமாக ஒரு பில்லைக்கூட உங்களிடம் காட்டாமல் வைத்திருந்தது அவர். அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் கட்டியிருந்தால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையே கிடைத்திருக்கும். அதை விட்டதும் அவர்தான்.

டியூஷன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வணிகப் பயன்பாட்டுக்கு வரி அதிகம் என்பது உண்மை. வாடகைதாரர் வீட்டைக் கடையாகவோ அலுவலகமாகவோ மாற்றி, அதனால் மாநகராட்சி வரியை உயர்த்தியிருந்தால், அந்த வித்தியாசத்தை அவர் ஏற்பதுதான் நியாயம் என்று நானே சொல்வேன். ஆனால் அதற்கு மாநகராட்சி உங்கள் வீட்டை வணிகக் கட்டடம் என்று மறுமதிப்பீடு செய்திருக்க வேண்டும். ஓனர் அனுப்பிய பில்லில் மதிப்பீட்டு எண் இருக்கும். அதை வைத்து மாநகராட்சி இணையதளத்திலேயே விவரம் பார்த்துவிடலாம். குடியிருப்பு என்றே பதிவாகியிருந்தால், டியூஷன் பேச்சு அத்தோடு முடிந்தது.

வரி ஏறியதற்கு உண்மையான காரணம் வேறு. சென்னையில் 1998-க்குப் பிறகு சொத்து வரி உருப்படியாகத் திருத்தப்படவே இல்லை. 2018-இல் உயர்த்தினார்கள், அடுத்த வருஷமே நிறுத்தி வைத்தார்கள். 2022-இல் வந்ததுதான் பெரிய உயர்வு. பழைய சென்னைப் பகுதிக் குடியிருப்புகளில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். கோடம்பாக்கம் பழைய சென்னை, உங்கள் வீடு 850 சதுர அடி, ஆக 75 சதவீதம். முன்பு அரையாண்டுக்கு 1,650 ரூபாய் கட்டிய வீட்டுக்கு ஏறக்குறைய 2,890 ஆகியிருக்கும். 2024 அக்டோபரில் இன்னொரு 6 சதவீதம் ஏறி 3,060 பக்கம் வந்திருக்கும். நீங்கள் இந்தி சொல்லிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இது ஏறியிருக்கும்.

இந்த இடத்தில் ஓனர் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். வாடகையை ஒரே தொகையாகப் பேசிவிட்டு, ஒரே வீச்சில் முக்கால் பங்கு வரி கூடினால் யாருக்கும் கை கடிக்கும், குறிப்பாக அந்த வாடகையை நம்பியே காலம் தள்ளும் ஓய்வு பெற்றவர்களுக்கு. அவர்கள் செய்ய வேண்டியது வாடகை பேசும்போதே அதைக் கணக்கில் சேர்ப்பது. அரையாண்டுக்கு 3,060 என்றால் மாதத்துக்கு 510 ரூபாய். 19,000-க்குப் பதில் 19,500 என்று கேட்டிருந்தால் நீங்கள் யோசிக்காமல் ஒத்துக்கொண்டிருப்பீர்கள். வாடகை குறைவு என்று காட்டிக் குடிவைத்துவிட்டு, பிறகு வரியைத் தனியாகப் பிரித்து நீட்டுவது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

அவருக்கே நஷ்டமான ஒரு சங்கதியும் இதில் இருக்கிறது. வாடகை வருமானத்துக்கு வருமான வரி கணக்கிடும்போது, உள்ளாட்சிக்குக் கட்டிய சொத்து வரியைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தில் 30 சதவீதம் நிலையான கழிவும் உண்டு. ஆனால் சொத்து வரியை உரிமையாளரே, அந்த ஆண்டில் உண்மையாகவே கட்டியிருந்தால்தான் கழிக்க முடியும். நீங்கள் கட்டினால் அவர் கழிக்க முடியாது. உங்களுக்கும் அதில் லாபம் இல்லை. அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்குக் காட்டும் ரசீதில் வாடகையைத்தான் காட்ட முடியும், மாநகராட்சிக்குக் கட்டிய வரியைக் காட்ட முடியாது. அதே பணம் வாடகைக்குள் வந்தால் இரண்டு பேர் கணக்கிலும் ஒழுங்காக நிற்கும். ஓனருக்கு ஆடிட்டர் இருந்தால் ஒரு நிமிஷத்தில் இதைச் சொல்லிவிடுவார்.

அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறார். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது புதிய சட்டம். உங்கள் கணக்கில் அது 57,000. ஒரு லட்சம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பதால் அதை இப்போது கிளற வேண்டாம். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்களால் வர வேண்டிய பாக்கி ஏதேனும் இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். அவருடைய வரி உங்கள் பாக்கி ஆகாது. ஆனால் இப்போதே பதில் எழுதி வைக்காமல் மௌனமாக இருந்தால், நாளைக்கு அதையே சம்மதம் என்று சொல்வார்.

மாநகராட்சி ஆட்கள் வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், ஓனர் அசையவே இல்லை என்ற நிலை வந்தால்? 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவு அதற்கு வழி சொல்கிறது. உரிமையாளர் கட்ட வேண்டிய ஒன்றை அவர் கட்டாமல் விட்டு, அது குடியிருப்பவரிடமோ அந்தச் சொத்தின் மேலோ வசூலாகக்கூடியதாக இருந்தால், குடியிருப்பவர் தானே கட்டிவிட்டு வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். இதை எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். முன்கூட்டி எழுத்தில் தெரிவித்து, சில நாள் அவகாசம் கொடுத்து, வங்கிக் கணக்கிலிருந்து கட்டி, ரசீதை அனுப்பிவிட்டுக் கழியுங்கள். ரசீது ஓனர் பெயரில்தான் வரும், அதில் தவறில்லை. வரி ரசீதை வைத்து வாடகைதாரர் வீட்டுக்கு உரிமை கொண்டாடிவிடுவார் என்று சில ஓனர்கள் பயப்படுவார்கள். வரி கட்டிய ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது.

இதே விஷயமாக வேறு சிலரும் கேட்டிருந்ததால் இடையில் ஒரு வார்த்தை. மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் இருக்கும் போக்கிய வீடுகளுக்குக் கணக்கு வேறு. பத்திரம் உண்மையிலேயே அனுபவ அடமானமாக எழுதியிருந்தால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபோது, வீட்டை அனுபவிப்பவரே அதன் வருமானத்திலிருந்து அரசு வரிகளைக் கட்ட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 76-ஆம் பிரிவு. "லீஸ்" என்று வாயால் சொன்னால் போதாது, பத்திரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இப்போது முதலில் சொன்ன கவலை. உங்கள் 11 மாத அக்ரிமென்ட் முடிந்து 7 மாதம். குறித்த காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால், பழைய நிபந்தனைகளின்படியே மாதா மாதம் நீடித்ததாகப் புதிய வாடகைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அதிகபட்சம் 6 மாதம்தான். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணம் இந்தச் சட்டத்தில். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்பது சார்பதிவாளர் அலுவலகத்தை மனதில் வைத்துச் சொன்ன பழைய பாடம், இங்கே அது எடுபடாது. நீங்கள் வரிச் சண்டையில் ஜெயித்து, அடுத்த மாதம் அவர் வீட்டைக் கேட்டால் பையனின் பள்ளிக்கூடப் பிரச்சினை அப்படியே நிற்கும்.

அதனால் வக்கீல் நோட்டீஸ் எல்லாம் வேண்டாம். முதலில் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்:

"வணக்கம் சார். நீங்க அனுப்பின சொத்து வரி பில் பார்த்தோம். அக்ரிமென்ட்ல சொன்ன கரண்ட் பில், தண்ணி சார்ஜ் ரெண்டையும் நாங்க ஒழுங்கா கட்டிட்டு வர்றோம். சொத்து வரி உரிமையாளர் பொறுப்புன்னு விசாரிச்சதுல சொன்னாங்க, அதை அட்வான்ஸ்ல கழிக்க எங்களுக்குச் சம்மதம் இல்லை. இந்தப் பில் நாங்க வர்றதுக்கு முன்னாடி காலத்துக்கும் சேர்த்து இருக்கு. வரி கூடினதால உங்களுக்கு சிரமம்னு புரியுது. புது அக்ரிமென்ட் போடும்போது வாடகையைப் பேசிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நேர்ல வரட்டுமா சார்?"

ஞாயிற்றுக்கிழமை போகும்போது உங்கள் கணவரையும் கூட்டிப்போங்கள். மாதம் 500, மிஞ்சினால் 750 கூட்டித் தரலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பகுதியில் வாடகை ஏறும் வேகத்துக்கு அதிகம் இல்லை. பழைய பாக்கியில் பாதியாவது கொடுங்கள் என்று கெஞ்சுவார். ஒரு ரூபாய்கூட ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முறை கொடுத்தால் அக்ரிமென்டில் இருக்கும் அந்த "இதர"வுக்கு நீங்களே பொருள் எழுதிக் கொடுத்தது போல் ஆகும். மோட்டார் ஸ்விட்ச்சில் கைவைத்துத் தண்ணீரை நிறுத்தினால் அது சட்டப்படி தப்பு. அப்போது வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். இந்த அளவுக்கு அவர் போவார் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றவில்லை.

புதிய அக்ரிமென்டில் இரண்டு வருஷமாவது காலம் போடச் சொல்லுங்கள், ஆண்டு உயர்வு இவ்வளவு என்று தொகையாகவோ சதவீதமாகவோ எழுதுங்கள். "இதர வரிகள்" என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இப்படி எழுதலாம்: "மின்கட்டணமும் தண்ணீர் பயன்பாட்டுக் கட்டணமும் வாடகைதாரர் செலுத்த வேண்டும். சொத்து வரி, குடிநீர் மற்றும் கழிவுநீர் வரி, அவற்றின் பாக்கி, வட்டி அனைத்தும் உரிமையாளரைச் சேர்ந்தவை." மாலையில் குழந்தைகளுக்கு டியூஷன் எடுப்பதற்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். கையெழுத்துப் போட்டதும் வாடகைப் பதிவு இணையதளத்தில் இருவருமாகப் பதிவு செய்து, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.